ஒன்பது நீளக் கோடுகள்

ஒரு பெண்ணின் வருங்காலம் இருபத்தாறு மார்க்குக்குப் படிந்தது. விலை சொன்னவர் பெண்ணின் அப்பா. வாங்கியவள் அந்தப் பெண்ணேதான். நடுவில் நின்று தரகு பேசியவர் அவளுடைய தாய்மாமன். தரகுக் கூலி ஒரு கப் டீ, அதுவும் பாதி ஆறிப்போனது.

பேரம் நடந்த இடம் அப்பாவின் பட்டன் கடை. இரண்டு பேர் கைகோத்து நின்றால் வாசல் அடைபட்டுவிடும் அகலம். ஆனால் உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்று அட்டையில் தைத்து ஒட்டியிருக்கும். கடைக்கு மேலே வீடு. பெண் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருந்தாள். பதினேழு வயதாகி, அப்பாவைவிட இரண்டு விரற்கடை உயர்ந்த பிறகும் அவளுக்கு வீட்டில் பெயர் பாப்பா.

பள்ளி முடிந்ததும் கல்லூரிக்கு எந்த விண்ணப்பப் பாரத்தை நிரப்புவது என்பதுதான் வழக்கு. அவளுக்குப் புவியியல் வேண்டும். அப்பாவுக்கு வணிகவியல் வேண்டும்.

"பூகோளம் படிச்சு என்ன பண்ணப் போறே? பூமியைக் கூறு போட்டு விக்கப் போறியா?"

"ஏன், காமர்ஸ் படிச்சவங்க எல்லாம் காமர்ஸையா விக்கறாங்க?"

"மலை எங்க இருக்குன்னு நான் ஒரு நாளும் தேடினதில்ல பாப்பா. அது வச்ச இடத்துல அப்படியே இருக்கு. கணக்கு எழுத வர்றவன்தான் இருக்க மாட்டேங்கிறான். ரெண்டு வருஷத்துல நாலு பேரு ஓடிட்டான். அதான் சொல்றேன், நீ கணக்கைப் படி."

அவளுக்கு மலையைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நகைக்கடைகள் எல்லாம் ஏன் ஒரே தெருவில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, மருந்துக்கடைகள் ஏன் தெருவுக்கு ஒன்றாக விலகி நிற்கின்றன என்பதுதான் அவளைப் பிடித்து ஆட்டிய கேள்வி. சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். "மருந்துக்கடைக்காரனுங்களுக்கு ஒருத்தனை ஒருத்தன் ஆகாது" என்றார். பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் வேறு பதில் இருந்தது. அன்றிலிருந்து அவள் புவியியல் கட்சி.

"ரெண்டு பேரும் வாசல்ல நின்னு கத்தினா வர்ற ஆளும் எதிர்க் கடைக்குப் போயிடும்" என்றாள் அம்மா மாடிப்படியிலிருந்து.

லாரி பார்சல் ஆபீஸில் சரக்கு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரியான மாமா டீயை வைத்துவிட்டு எழுந்தார். "அத்தான், இப்படிப் பேசினா பொழுது விடிஞ்சு பொழுது போயிடும். செய்முறைத் தேர்வு வருதாமில்ல, முப்பது மார்க்குக்கு? அதை வச்சு ஒரு விலை சொல்லுங்க. வாங்கிட்டா அவ இஷ்டம். வாங்கலைன்னா உங்க இஷ்டம்."

அப்பாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. விலை என்ற சொல் காதில் விழுந்தால் வரும் வெளிச்சம். "முப்பதுக்கு முப்பது."

"பூமியைப் படைச்சவனே பரீட்சை எழுதினாலும் போட மாட்டாங்கப்பா. பதினெட்டு."

"பதினெட்டு வாங்கினா பாஸு. வெறும் பாஸாகிற சரக்கையெல்லாம் நான் உள்ளேயே விடறதில்ல. இருபத்தொன்பது."

"இருபது."

"என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது? இருபத்தெட்டு."

"இருபத்தஞ்சுன்னு வச்சு முடிச்சுக்கலாமே" என்றார் மாமா.

"இருபத்தஞ்சு முழுசா இருக்கு மாப்ளே. முழுசா ஒரு விலை படிஞ்சா அதுல ஒருத்தன் ஏமாந்துட்டான்னு அர்த்தம்." அப்பா சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். "இருபத்தாறு."

கையை மடித்துவிட்டால் அது கடைசி விலை; அதற்கு மேல் பேசினால் சரக்கு இழுப்பறைக்குள் போய்விடும். பாப்பாவுக்கு இது பால் குடிக்கும் வயதிலிருந்து தெரியும். "படிஞ்சுது" என்றாள்.

*

புவியியல் டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சுருள். சுருட்டிய வரைபடம் ஒன்று அக்குளில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் கொடுத்த களஆய்வு எளிமையானது: ஒரு கடையைத் தேர்ந்தெடு. அங்கே வருகிறவர்களிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேள். ஒவ்வொருவர் ஊருக்கும் கடையிலிருந்து ஒரு கோடு போடு. அந்தக் கடை எவ்வளவு தூரத்திலிருந்து ஆட்களை இழுக்கிறது என்று வரைபடமே சொல்லும்.

"தீப்பெட்டி வாங்க யாரும் பஸ் ஏற மாட்டாங்க. முக்குக் கடை போதும்" என்றார் சுருள். "எங்கேயும் கிடைக்காத பொருள்னா ரெண்டு பஸ் மாறியும் வருவாங்க. அதை நீங்களே கண்ணால பாக்கணும். ஒண்ணு சொல்லிடறேன். வராத ஆளை வந்தான்னு எழுதினா எனக்குத் தெரிஞ்சுடும். முப்பதுக்கும் முட்டைதான்."

பிறகு பள்ளி முத்திரை குத்திய அச்சு வரைபடத் தாளை ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கிழிந்தாலும் நனைந்தாலும் மறுதாள் கிடையாது. கோடு போட நீரில் அழியாத கறுப்பு மை.

வகுப்பில் பாதிப் பேர் பெரிய கடைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பாப்பாவின் சிநேகிதி, ஒல்லியும் உயரமுமாய் இருந்ததால் ஒட்டடை என்று பெயர் வாங்கியவள், கடல்போல் விரிந்த, குளிர்சாதனம் போட்ட மளிகைக் கடையை எடுத்துக்கொண்டாள். பாப்பா அப்பாவின் கடையையே எடுத்தாள். உட்கார நாற்காலி கிடைக்கும், யாரும் விரட்ட மாட்டார்கள்.

விரட்டவில்லை, ஆனால் முனகல் இருந்தது. "வர்றவன்கிட்ட எங்கேருந்து வர்றேன்னு கேட்டா, பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட சம்பளம் கேட்ட மாதிரி முழிப்பான். முதல்ல பட்டனைக் கையில குடுத்துட்டு அப்புறம் கேளு. காசு கைமாறின பிறகு மனுஷன் உண்மை பேசுவான்."

புதன்கிழமை மாலையிலிருந்து அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பா வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் அவள் தொடர்ந்து பார்த்ததில்லை. யாராவது ஒரு சட்டையை நீட்டுவார்கள். அவர் மிச்சமிருக்கும் பட்டன் ஒன்றைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். பார்வை வாடிக்கையாளர் முகத்தில்தான் இருக்கும், கை தானாகப் போய் மேலிருந்து ஐந்தாவது வரிசையில் ஓர் இழுப்பறையைத் திறக்கும். அதே பட்டன். அதற்குப் பிறகுதான் உண்மையான வியாபாரம் தொடங்கும்.

"ஒரு பட்டனுக்கா இவ்வளவு?"

"ஒரு பட்டன் இல்லம்மா. அது இல்லாம அந்தச் சட்டையே இல்ல. இப்ப நீங்க வாங்கறது சட்டை."

"சட்டையையே இந்த விலைக்கு வாங்கலாம் போலிருக்கே!"

"வாங்குங்க. அதுலயும் ஒரு பட்டன் போகும். இங்கதான் வருவீங்க."

இப்படிக் கால் மணி நேரம். மூன்று பட்டன் வாங்க வந்த தையல்காரர் மூன்று தலைமுறைக் கதை பேசிவிட்டுப் போவார். அந்தக் கடையில் பேரம் பேசாமல் பட்டன் வாங்குவது, விருந்துக்குப் போய் வாசலிலேயே திரும்பி வருவதுபோல, யாரும் செய்ததில்லை.

கையில் பட்டன் வந்ததும் பாப்பா கேட்பாள். தையல் சந்து. தபால் ஆபீஸ் பின்புறம். தண்ணீர்த் தொட்டித் தெரு. மறுபடி தையல் சந்து. புதன் ஒன்பது பேர், வியாழன் பன்னிரண்டு, வெள்ளி பதினொன்று. மூன்று நாளில் முப்பத்திரண்டு. எல்லாம் கூப்பிடு தூரம். ஆகத் தொலைவிலிருந்து வந்தவர் மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தார். அவரும் நடந்தே வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒட்டடை கடைக்கு வந்தாள். "எனக்கு இருநூத்தி நாப்பது ஆச்சுடி! கை வலிக்குது. உனக்கு?"

பாப்பா தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் போன பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, அட்டையில் மாதிரிப் பட்டன்களைத் தைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மெல்லச் சொன்னாள். "நம்ம கடைக்குத் தூரத்துலேர்ந்து யாருமே வரலைம்மா. வரைபடத்துல ஒண்ணுமே இருக்காது. ஈ உக்காந்த மாதிரி ஒரு புள்ளிதான்."

உள்ளே அப்பா மொத்தப் பெட்டியிலிருந்து பட்டன்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிக் கொட்டிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை எட்டில் நின்றது.  பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

*

சனிக்கிழமை பாப்பாவின் அதிர்ஷ்டம் லாரியேறி வந்தது என்றே சொல்ல வேண்டும்.

கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் தோள் அகன்ற ஓர் ஆள் வந்தார். ஒரு வெள்ளைப் பட்டன் கேட்டார், வாங்கினார், சொன்ன காசை வைத்தார்.

"எங்கேருந்து வர்றீங்கண்ணே?"

"சுங்கச்சாவடிம்மா."

அவள் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். சுங்கச்சாவடி ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர். அவர் போய் அரை மணியில் இன்னொருவர்: சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு. அடுத்தவர் அணைக்கட்டு. நடுவில் வழக்கமான தையல்காரர்கள், பள்ளிச் சீருடைக்காரர்கள், குழந்தையின் கோட்டில் விழுந்த பட்டனின் ஜோடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து அப்பாவை இருபது நிமிஷம் உருட்டி எடுத்த ஒரு பெண்மணி. மதியத்துக்கு மேல் மறுபடி தூரத்து ஆட்கள். ஒருவர் அவள் கேட்பதற்கு முன்பே "காற்றாலை மேடு" என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இன்னொருவர், குட்டையானவர், தலையைச் சொறிந்தார். "நான்... உப்பளம். இல்லல்ல. உப்பளம் அவன். நான் உப்பளத்துக்கு அடுத்தது. கணவாய்."

"யாருண்ணே அவன்?"

"அது... எங்கூர்ல ஒருத்தன்" என்று சொல்லிவிட்டு மிச்சக் காசுகூட வாங்காமல் நடந்தார்.

பாப்பாவுக்கு அன்று யார் என்ன சொல்லியிருந்தாலும் இனித்திருக்கும். மாலைக்குள் முப்பது பேர் சேர்ந்தார்கள். மொத்தம் அறுபத்திரண்டு. அதில் அந்தத் தூரத்து ஆட்கள் ஒன்பது பேர், ஆறிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வரை.

"பாத்தியா? என் கடைக்கு எங்கேருந்தெல்லாம் வர்றான்!" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, கலைந்தே இல்லாத இழுப்பறைகளை ஒழுங்குபடுத்தத் திரும்பிக்கொண்டார்.

*

ஞாயிறு கடை விடுமுறை. மாடியில் சமையலறை மேசையைத் துடைத்து, முத்திரைத் தாளை விரித்து, நான்கு மூலையிலும் நான்கு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தாள். திங்கள் காலை தாளைக் கொடுத்தாக வேண்டும். நல்லதை முதலில் தின்றுவிடும் குழந்தைபோல, அழகான ஒன்பது நீளக் கோடுகளை முதலில் மையில் இழுத்தாள். பிறகு மிச்சக் கோடுகள். ஐம்பத்து மூன்று.

முடித்து, எழுந்து நின்று பார்த்தாள்.

மிச்சக் கோடுகள் சரியாக இருந்தன. கை தவறிக் கொட்டிய பட்டன்கள்போல் நாலா பக்கமும் சிதறியிருந்தன. மனிதர்கள் வாழும் லட்சணம் அதுதான். நீளக் கோடுகள்தான் உறுத்தின. ஒன்பது புள்ளிகளும் வடக்கே போகும் ஒரே நெடுஞ்சாலையில், ரேஷன் வரிசையில் நிற்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கிழக்கே ஆளே இல்லையா? மேற்கே யார் சட்டையிலும் பட்டன் அறுவதில்லையா?

தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். பானைக்கு மேலே சுவரில் மாமாவின் லாரி ஆபீஸ் கொடுத்த நாள்காட்டி தொங்கியது. தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில், 'பார்சல் இறக்குமிடங்கள்: சுங்கச்சாவடி, சிமெண்ட் ஆலை, அணைக்கட்டு...' ஒன்பது இடம். உப்பளம் எட்டாவது. கணவாய் கடைசி. அவர்கள் கடைக்கு வந்த வரிசைகூட மாறவில்லை.

தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக மனதில் கொண்டுவந்தாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை.

"அப்பா!" என்றாள். "கொஞ்சம் மேலே வாங்க. மாமாவையும் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்த இருவரும் வந்தார்கள். மேசையையும் பார்த்தார்கள், அவள் விரல் நாள்காட்டியில் நிற்பதையும் பார்த்தார்கள்.

"யாருப்பா அந்த ஒன்பது பேரு?"

"யாரு? வாடிக்கைதான். வந்தாங்களா இல்லையா?"

"வந்தாங்க."

"பட்டன் வாங்கினாங்களா இல்லையா? காசு குடுத்தாங்களா இல்லையா?"

"யாரு காசு?"

"காசுல பேரு எழுதியிருக்கா என்ன?"

"அப்பா, உங்க கடையில சொன்ன விலையைக் குடுத்துட்டுப் போனவங்க இதுவரைக்கும் எத்தனை பேரு?"

அப்பா மாமாவைத் திரும்பி முறைத்தார். "பேசச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா மாப்ளே?"

"நான் சொன்னேன் அத்தான். மூட்டை தூக்கறவனுக்குப் பட்டன் விலையில எங்கே பேரம் வரும்? நாள்காட்டியைக் காட்டி ஆளுக்கு ஓர் ஊர் மனப்பாடம் பண்ண வைக்கறதுக்குள்ளயே எனக்கு நாக்கு தள்ளிடுச்சு."

"ஆபீஸ்ல வேற ஊரே இல்லையா உனக்கு? வரிசையாவா அனுப்புவே?"

"வரிசையா இருந்தாத்தானே மறக்க மாட்டான்!"

பாப்பா பேனாவை எடுத்தாள். "ஒன்பதையும் அடிக்கப் போறேன்."

"இரு, இரு." அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எடுத்த எடுப்பில ஒன்பதுன்னா எப்படி? மூணை அடி."

"ஒன்பது."

"அஞ்சு. வரிசையா இருக்கறதுதானே பிரச்சினை? ஒண்ணு விட்டு ஒண்ணு அடிச்சா வரிசை போச்சு."

"இது விலை இல்லப்பா. அவங்க யாரும் அங்கேருந்து வரலை."

"அந்தக் குட்டையன் மட்டும் நிஜமாவே பட்டன் போன சட்டையோடதான் வந்தான் பாப்பா" என்றார் மாமா. "அவனை விட்டுடு, பாவம்."

"அவர் வீடு எங்க?"

மாமா தொண்டையைக் கனைத்தார். "நம்ம பின் தெரு."

கணவாய் வரைக்கும் நாற்பது கிலோமீட்டர் ஓடிய கோடு அந்த நிமிஷமே செத்தது. அதற்குப் பதிலாகப் பின் தெருவுக்கு ஓர் அரிசி நீளத்தில் கோடு பிறந்தது.

அதுவரை பேசாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. இவ இருபத்தாறு வாங்கிட்டா தோக்கறது யாரு?"

 மாமா கூரையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். இவ காமர்ஸ் படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீங்க. இவளுக்கு மார்க் வர்றதுக்கு ஒன்பது பேருக்குப் பட்டன் காசு குடுத்து அனுப்பினதும் நீங்களா?"

அப்பா மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "அது வேற கணக்கு. வெள்ளிக்கிழமை இவ மூஞ்சி தொங்கிப் போச்சு. எதிர்ல நிக்கற வாடிக்கை மூஞ்சி தொங்கினா நான் என்ன பண்ணுவேன்? கொசுறா ரெண்டு பட்டன் போட்டு அனுப்புவேன். அதான்... கொசுறா ஒன்பது ஆளைப் போட்டேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. கரித்ததற்குக் காரணம் அந்த மனிதர் மட்டும் அல்ல. அழியாத மையில் தாளின் பாதியை அடைத்துக்கொண்டு ஒன்பது பொய்கள் நின்றன. மறுதாள் கிடையாது. அடித்தால் வரைபடம் அலங்கோலம். இருபத்தாறு கைவிட்டுப் போகும். அடிக்காவிட்டால் சுருளுக்குத் தெரியாமலேகூடப் போகலாம். ஆனால் இழுத்தவளுக்குத் தெரியுமே.

"பிளேடு தரவா?" என்றார் அப்பா. "விலைச்சீட்டு சுரண்டிச் சுரண்டிக் கை பழகியிருக்கு. தடமே தெரியாது."

"வேண்டாம்பா. வந்தது வந்ததா இருக்கட்டும்."

ஒன்பது கோட்டின் மேலும் சின்னப் பெருக்கல் குறி போட்டாள். கீழே, ஓரத்தில், நடுங்காத எழுத்தில் எழுதினாள்: 'குறியிட்ட கோடுகள் கடைக்காரர் அனுப்பிய ஆட்கள். எட்டுப் பேர் கணக்கில் இல்லை. ஒருவர் பின் தெருவில் சேர்க்கப்பட்டார். எஞ்சியவர் ஐம்பத்து நான்கு.'

எழுதி முடித்ததும் ஒரு வேடிக்கை. நீளக் கோடுகள் கண்ணை விட்டு விலகிய பிறகு, அவற்றின் நிழலில் மறைந்து கிடந்த ஒரு கோடு மேலே வந்தது. தெற்கே, டவுன் பஸ் முடியும் இடத்தையும் தாண்டி, பதினெட்டு கிலோமீட்டர்.

"இது யாரு?" என்று குனிந்தார் அப்பா.

"காகிதத்துல பட்டன் மடிச்சு எடுத்துட்டு வந்தாங்களே. குழந்தை கோட்டுக்கு. ரெண்டு பஸ் மாறி வந்தாங்களாம்."

"அந்தம்மாவா! உயிரை எடுத்துட்டாங்க பாப்பா. வாங்கின விலையைவிடக் கீழே கேட்டாங்க." அவர் விரல் அந்தக் கோட்டின் மேல் கடையிலிருந்து கடைசிவரை மெதுவாகப் போய்த் திரும்பியது. "ரெண்டு பஸ்ஸா? இந்த ஒத்தைப் பட்டனுக்கா?"

"ஒத்தைப் பட்டனுக்குத்தான்."

அப்பா அன்று மாலை வரை மூன்று தரம் மேசைப் பக்கம் வந்து போனார், தண்ணீர் குடிக்க என்று.

*

தேர்வு நாளில் வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்தார். வரைபடத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், மாம்பழம் வாங்குகிறவர்போல் முகர்ந்து பார்த்துப் படிக்கும் பழக்கம் அவருக்கு. ஓரக் குறிப்பில் மூக்கு நின்றது.

"கடைக்காரர் ஏன் ஆள் அனுப்பினார்?"

"எனக்கு மார்க் வரணும்னு சார்."

"அவருக்கு என்ன லாபம்?"

"நஷ்டம்தான் சார். மார்க் வந்தா நான் புவியியல் எடுப்பேன். அவருக்குக் காமர்ஸ் வேணும். அவர் எங்கப்பா."

பக்கத்தில் நின்ற சுருள், அக்குளில் இருந்த சுருளை இன்னோர் அக்குளுக்கு மாற்றிக்கொண்டார்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"புள்ளியெல்லாம் ஒரே சாலையில வந்துச்சு. அப்புறம், ஒருத்தர்கூடப் பேரம் பேசலை சார்."

தேர்வாளர் முதல் முறையாகத் தாளை மூக்கிலிருந்து எடுத்தார். ஒட்டடையின் வரைபடத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். "அந்தக் கடைக்கு இருநூத்தி நாப்பது பேர் வந்திருக்காங்க. உன் கடைக்கு ஐம்பத்து நாலு. எது பெரிய கடை?"

பாப்பா இரண்டையும் பார்த்தாள். மளிகைக் கடையின் இருநூற்று நாற்பது கோடுகளும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருந்தன. "கல்லாவுக்கு அது பெரிசு சார். ஆனா உப்பும் சோப்பும் எங்கேயும் கிடைக்கும். அதுக்காக யாரும் தூரத்துலேர்ந்து வர மாட்டாங்க. அறுந்துபோன ஒரு பட்டனுக்கு ஜோடி எங்கேயும் கிடைக்காது. அதனால எங்க கடை இழுக்கிற தூரம் அதிகம்."

"வடக்கு எந்தப் பக்கம்?"

கையால் காட்டினாள்.

"எனக்குத் தெரியும். உன் தாளுக்குத் தெரியலையே" என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமைக் களேபரத்தில் வடக்கு அம்புக்குறியைப் போட மறந்திருந்தாள்.

*

இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் சீட்டு வந்தது. அவள் நேராகக் கடைக்கு வந்தாள். அப்பா ஒரு தையல்காரரோடு காது வைத்த பித்தளைப் பட்டனுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தன் விலை படியும் வேளையில், மகளின் முகத்தைப் பார்த்ததும், தையல்காரர் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் நம்பாமல் மூன்று தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"எவ்வளவு?"

"இருபத்தஞ்சு."

படிக்கட்டில் அம்மாவின் ஊசி நின்றது. மாமா டீயை வைத்தார்.

பாப்பா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். வணிகவியல் பாரம். வரும் வழியிலேயே வாங்கி, பேர், வயது எல்லாம் நிரப்பியிருந்தாள். "பேச்சு பேச்சுதான்பா. நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்குக் குடுத்துடுவேன்." குரல் நேராகவே வந்தது. அதற்கு அவள் தெரு முழுக்கப் பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

"யாரு உன்னை இவ்வளவு அவசரப்படச் சொன்னது? சீட்டைக் குடு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரக்குச் சீட்டைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பதிவேடு, பத்துக்கு எட்டு. கேள்வி பதில், பத்துக்கு ஒன்பது. வரைபடம், பத்துக்கு எட்டு. அதற்கு எதிரே சிவப்பு மையில் இரண்டு வரி: 'வடக்குக் குறி இல்லை, ஒன்று குறைப்பு. அடித்த கோடுகளால் தெளிவு இல்லை, ஒன்று குறைப்பு.'

"பதிவேட்டுல போன ரெண்டு?"

"என் கையெழுத்து."

"கேள்வி பதில்ல ஒண்ணு?"

"மழையளவு கேட்டாங்க. தப்பாச் சொல்லிட்டேன்."

"இந்த வடக்கு?"

"நான்தான் மறந்தேன்."

"அதெல்லாம் உன் பாடு. அதுல நான் தலையிட மாட்டேன். வடக்கு தெரியாதவளுக்கு நான் சலுகை குடுத்தா நாளைக்கு ஊர் சிரிக்கும்." விரல் கடைசி வரிக்கு வந்தது. "இந்த அடிச்ச கோடு?"

பாப்பா பாரத்தின் மூலையை நீவினாள்.

"வாயில என்ன? இது யாரு சரக்கு?"

"உங்களுது" என்றாள் அம்மா படிக்கட்டிலிருந்து.

"என்னுது. நான் அனுப்பின சரக்கு. சொத்தைச் சரக்கை அனுப்பிட்டு, வாங்கினவ தலையில சேதாரத்தைக் கட்டினா அவன் வியாபாரியா?"

"அத்தான், பேசினது இருபத்தாறு" என்றார் மாமா. தரகருக்கும் ஒரு தர்மம் உண்டல்லவா.

"அதைத்தான்டா நானும் சொல்றேன். நீ ஏத்தி அனுப்பின ஒன்பது மூட்டையாலதான்டா இந்த ஒண்ணு போச்சு. பேசாம டீயைக் குடி."

அவர் வணிகவியல் பாரத்தைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். எழுதி, கோடு இழுத்து, கூட்டி, அவள் பக்கம் தள்ளினார். பாப்பா வியாபாரி மகள். நன்றி சொல்வதற்கு முன் மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் கூட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

மகள் கொண்டுவந்தது: 25
அப்பன் சரக்கால் சேதாரம்: 1
ஆக: 26
பாக்கி: இல்லை.